அட்மிட் வந்தாச்சு... துட்டு?

ராத்திரி ஒன்றரை மணி. ஹாஸ்டலே குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நீங்க மட்டும் போர்வைக்குள் மொபைலை ஒளித்து வைத்து இன்பாக்ஸை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படின்னா நீங்க அமெரிக்காவுக்கு எம்.எஸ்., பி.எச்டி. அப்ளை பண்ணியிருக்கிற ஃபைனல் இயர் பார்ட்டி. சந்தேகமே இல்லை. அங்கே இப்போதான் பிற்பகல். டிபார்ட்மென்ட் ஆபீஸில் யாரோ ஒருவர் காபியை உறிஞ்சிக்கொண்டே உங்க பெயருக்கு நேரே இருக்கும் பட்டனைத் தட்டப் போகிறார். வரப்போகிற மெயில் 'மகிழ்ச்சியுடன்' என்று ஆரம்பிக்குமா, 'வருத்தத்துடன்' என்று ஆரம்பிக்குமா... அதை நினைச்சா தூக்கம் எங்கேர்ந்து வரும்?

பிப்ரவரியில் தொற்றிக்கொள்ளும் இந்தக் காய்ச்சல் ஏப்ரல் பாதி வரை இறங்காது. நடுவில் ப்ராஜெக்ட் ரிவ்யூ வரும், மாடல் எக்ஸாம் வரும், சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம் வரும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்குக் காத்திருக்கிற கேப்பில், "என்னப்பா, ஃபாரின் போறேன்னியே, என்னாச்சு?" என்று கேட்டு வைப்பார். அவருக்கு அது பொழுதுபோக்கு. உங்களுக்கு அடுத்த கவளம் இறங்காது.

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த மெயிலை எப்படிப் படிப்பது என்பதுதான் விஷயம். பெரும்பாலானவர்கள் அதை பரீட்சை ரிசல்ட் மாதிரி படிக்கிறார்கள். அட்மிட் வந்தா நான் கெட்டிக்காரன், ரிஜெக்ட் வந்தா நான் மக்கு. ஆனால் அந்த மெயிலுக்குப் பின்னால் மார்க்கைவிட அதிகமா வேலை செய்கிற ஒன்று இருக்கு. பணம்.

பி.எச்டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நல்ல டிபார்ட்மென்ட் ஒன்று ஒரு பி.எச்டி. மாணவரைச் சேர்த்துக்கொண்டால், அவருடைய ஃபீஸையும் மாதச் செலவையும் சுமார் ஐந்து வருஷம் சுமக்கத் தயார் என்று அர்த்தம். அந்தப் பணம் இரண்டு வழியில் வரும். இளநிலை மாணவர்களின் லேப், ட்யூட்டோரியல் நடத்தி, பேப்பர் திருத்துவதற்குக் கொடுப்பது டி.ஏ. ஒரு புரொஃபசரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து கொடுப்பது ஆர்.ஏ. அந்த வருஷம் எத்தனை டி.ஏ. இடம் இருக்கு, எந்த புரொஃபசருக்கு கிராண்ட் வந்திருக்கு என்பதை வைத்துத்தான் 'இந்தத் தடவை இத்தனை பேர்' என்று முடிவாகும். நீங்க ஆசைப்பட்டு எழுதிய அந்த புரொஃபசருக்குப் பழைய கிராண்ட் முடிந்து, புதுசு இன்னும் வராமல் இருந்தால்... உங்க 9.2 சி.ஜி.பி.ஏ. என்ன பண்ணும், பாவம்?

2025-ல் இது அப்பட்டமாகவே தெரிந்தது. அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியில் கை வைத்ததும் பல பல்கலைக்கழகங்கள் பி.எச்டி. சேர்க்கையைக் குறைத்தன, சில நிறுத்தி வைத்தன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி, கொடுத்து முடித்திருந்த அட்மிஷன்களையே அந்த மார்ச்சில் திரும்ப வாங்கிக்கொண்டது. ஜனவரியில் தகுதியாக இருந்தவர் மார்ச்சில் மக்காகி விட்டாரா என்ன?

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைக் கேட்டா கொஞ்சம் கசக்கும். ரிஜெக்ட் உங்க தகுதிக்கான தீர்ப்பு இல்லைன்னா, எம்.எஸ். அட்மிட்டும் தீர்ப்பு இல்லை! அங்கே பல எம்.எஸ். கோர்ஸ்களில் பெரும்பாலானோர் சொந்தக் காசு கட்டித்தான் படிக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு அது வருமானம். 'உங்கள் சாதனைகள் எங்களை வியக்க வைத்தன' என்று தொடங்கும் கடிதம், கடைசிப் பாராவில் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதியோடு முடியும். சந்தோஷப்படுங்க, அம்மாவுக்கு போன் போடுங்க, ஃப்ரெண்ட்ஸுக்கு ட்ரீட் கொடுங்க. மறுநாள் காலையில் அதே கடிதத்தை ஒரு ஹவுஸ் ஓனர் அக்ரிமென்ட் மாதிரி உட்கார்ந்து படிங்க.

கடிதத்தில் என்ன இருக்கு?

முதலில் பார்க்க வேண்டியது, 'ஃபண்டிங்' என்ற சொல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் அர்த்தம். 5,000 டாலர் ஸ்காலர்ஷிப் என்று போட்டிருக்கும். ஆஹா என்று இருக்கும். வருஷ பில் 50,000 டாலர் என்றால் அது பத்து சதவீதத் தள்ளுபடி, அவ்வளவுதான். நம்ம ஊர் ஆடித் தள்ளுபடியே இதைவிடத் தாராளம். அந்த 5,000-ம் ஒரு தடவைக்கா, வருஷா வருஷமா என்று பாருங்க.

டி.ஏ., ஆர்.ஏ. என்றால் ட்யூஷன் ஃபீஸ் முழுசாகத் தள்ளுபடியா, பாதியா? ட்யூஷன் தள்ளுபடி ஆனாலும் 'ஸ்டூடண்ட் ஃபீஸ்' என்று தனியாக ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். மெடிக்கல் இன்ஷூரன்ஸை யார் கட்டுவது? உதவித்தொகை 12 மாதத்துக்கா, 9 மாதத்துக்கா? இது ரொம்ப முக்கியம் பாஸ். 9 மாதம் என்றால் கோடைக்காலம் மூன்று மாதமும் வாடகையை நீங்கதான் பார்த்துக்கணும். எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம் என்று எழுத்தில் இருக்கா, இல்லை 'நிதி இருப்பைப் பொறுத்து' என்று ஒரு வால் தொங்குதா? 'முதல் செமஸ்டர் நல்லாப் பண்ணா டி.ஏ. கிடைக்க வாய்ப்பு உண்டு' என்று சீனியர் சொன்னது ஃபண்டிங் இல்லை. அது ஆறுதல்.

கடிதத்தில் இல்லாததைக் கேட்டு மெயில் போடத் தயங்காதீங்க. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே ஒரு கோஆர்டினேட்டர் இருப்பார். 'கேட்டா தப்பா நினைச்சுட்டு அட்மிஷனை கேன்சல் பண்ணிட்டா?' என்ற பயம் நம்ம பசங்களுக்கு மட்டும்தான் வரும். கேட்டதுக்காக யாரும் கேன்சல் பண்ண மாட்டாங்க.

அப்புறம் அந்த பார்ட் டைம் புராணம். "அங்க போய் வேலை பார்த்து ஃபீஸ் கட்டிடலாம்டா!" எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. முதல் கல்வியாண்டில் வெளி வேலை பார்க்க முடியாது. மணிக்கு 15 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் வாரம் 300 டாலர். சாப்பாட்டுக்கும் வாடகையில் ஒரு பங்குக்கும் ஆகும். ஃபீஸ் பக்கம்கூட எட்டிப் பார்க்காது. முதல் வருஷச் செலவுக்கான பணம் கையிருப்பில் இருக்கு என்று காட்டினால்தான் ஐ-20 படிவமே தருவார்கள். அது இல்லாமல் விசாவுக்குப் போக முடியாது.

வீட்டுப் பத்திரம் பேசுது

இப்போ லோன். பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. அதுக்கு மேல் போனால் பெரும்பாலும் கேட்பாங்க. அதாவது அப்பா இருபது வருஷம் தவணை கட்டி மீட்ட வீட்டுப் பத்திரம் மறுபடி வங்கி லாக்கருக்குப் போகும். வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் 15 சதவீதம் கைக்காசு போடணும் என்பதையும் பலர் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு பேப்பரை எடுங்க. கடன் 30 லட்சம், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு வட்டி மட்டும் 3.3 லட்சம், மாசத்துக்கு 27,500. இரண்டு வருஷப் படிப்பு, அதுக்கப்புறம் ஒரு வருஷம் தவணை விடுமுறை. ஆனால் வட்டிக்கு விடுமுறை கிடையாது, அது தன் பாட்டுக்கு ஓடும். மூன்று வருஷ முடிவில் 9.9 லட்சம் சேர்ந்து கடன் கிட்டத்தட்ட 40 லட்சமாக நிற்கும். (செமஸ்டர் செமஸ்டராகப் பணம் எடுத்தால் கொஞ்சம் குறையும்.) அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாசத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிக்கும்போதே வீட்டில் வட்டியை மட்டும் கட்டி வந்தால் தவணை 41,000 சொச்சத்தில் நிற்கும். வித்தியாசத்தைப் பாருங்க.

டாலர் வேறு சும்மா இருக்காது. 2015-ல் 65 ரூபாய் அளவில் இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. இரண்டாம் வருஷ ஃபீஸை அன்றைய விலையில்தான் கட்டணும்.

"அங்க வேலை கிடைச்சா ரெண்டே வருஷத்துல அடைச்சிடலாம்." கிடைத்தால் சரி. அடைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விதிகள் ராத்திரியோடு ராத்திரியாக மாறுகிற காலம் இது. 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புது தேதி கொடுப்பதையே சில வாரம் நிறுத்தி வைத்தார்கள். அதே செப்டம்பரில், புது எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் உத்தரவு வந்தது. அங்கேயே படித்து முடித்து எச்-1பிக்கு மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று விளக்கம் வந்ததே அடுத்த மாதம்தான். அதுவரை எத்தனை வீட்டில் சோறு இறங்கியிருக்கும்? அதனால் தவணைக் கணக்கை இன்னொரு தடவை, சென்னைச் சம்பளத்தில் போட்டுப் பாருங்க. அமெரிக்காவில் வேலை அமையாமல் திரும்பி வந்தால் மாசம் 55,000 கட்ட முடியுமா? 'கஷ்டப்பட்டாவது முடியும்' என்றால் யோசிக்கலாம். 'வீட்டை வித்தாதான்' என்றால் அந்த அட்மிட்டுக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் அனுப்புவதில் கேவலம் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கை அப்பா அம்மா முன்னாடி உட்கார்ந்து போடுங்க. நம்ம வீடுகளில் இது நடப்பதே இல்லை. பிள்ளை, 'அப்பா பார்த்துப்பார்' என்று நினைக்கும். அப்பா, 'பையன் ஆசைப்படுறான், எப்படியாவது புரட்டிடலாம்' என்று யாரிடமோ வட்டிக்குக் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாதுகாக்கிறதா நினைச்சுக்கிட்டு எதையும் பேச மாட்டார்கள். தங்கச்சி படிப்புக்கு என்ன வெச்சிருக்கீங்க, தாத்தா ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆச்சு, உங்க ரிட்டயர்மென்ட் எப்போ... கேளுங்க. 21 வயசில் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

75 ரூபாய் மாதம்

பணம் பற்றிக் கவலைப்பட்டால் அறிவுக்கு இழுக்கு என்று நினைக்கிறவர்களுக்கு நம்ம ராமானுஜன் கதையை ஞாபகப்படுத்தலாம். கணிதமேதை கதை எல்லாருக்கும் தெரியும். அதில் இருக்கும் ஃபண்டிங் கதையை யாரும் சொல்வதில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த ஸ்காலர்ஷிப், மற்ற பாடங்களைக் கோட்டை விட்டதால் பறிபோனது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. ஹார்டிக்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்று இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கு எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்றைய பாஷையில் சொன்னால் இரண்டு ரிஜெக்ட். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய பிறகுதான் கதை திரும்பியது. ஆனாலும் ஹார்டியின் பாராட்டு சோறு போடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற, அதே பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு ஒதுக்கியது. அதில் 50 பவுண்டு இங்கே இருந்த குடும்பத்துக்கு. அங்கே டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணத்துக்காக சென்னைக்கு வந்திருந்த நெவில் என்ற கணிதப் பேராசிரியர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி வாதாடினார். எல்லையில்லாத் தொடர்களை விரல் நுனியில் வைத்திருந்தவருக்கே வீட்டுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்ற கணக்கு தேவைப்பட்டது!

உங்களுக்காக வாதாட நெவில் வருவாரா தெரியாது. தேட வேண்டிய இடங்கள் இருக்கு. ஜே.என்.டாடா எண்டோமென்ட் 1892-லிருந்து வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் உதவித்தொகை தருகிறது. ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இருக்கு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மத்திய அரசிலும் தமிழக அரசிலும் வெளிநாட்டு உயர்கல்விக்குத் தனித்தனித் திட்டங்கள் உண்டு. சிக்கல் என்னன்னா, இவற்றில் சிலவற்றின் கடைசித் தேதி உங்க அட்மிட் வருவதற்கு முன்னாடியே போய்விடும். யூனிவர்சிட்டி லிஸ்ட் போடும் அன்றைக்கே பக்கத்தில் இந்த லிஸ்டையும் போடணும்.

வெயிட் லிஸ்ட் என்கிற திரிசங்கு

ரிஜெக்ட்டைவிடக் கொடுமை இதுதான். ஒரு சின்ன மெயில் அனுப்புங்க. இடம் கிடைத்தால் நிச்சயம் வருவேன், விண்ணப்பித்த பிறகு இன்ன பேப்பர் வெளியானது, இந்த செமஸ்டர் மார்க் இது... அவ்வளவு போதும். வாராவாரம் தட்டாதீங்க. மற்றவர்கள் இடத்தை விட்டால்தான் உங்களுக்குக் கதவு திறக்கும். அது பெரும்பாலும் ஏப்ரல் 15-ஐ ஒட்டி நடக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிறையப் பேர் சேர்ந்து ஒப்புக்கொண்ட தேதி அது. நிதியுதவியோடு வந்த ஆஃபருக்கு அந்தத் தேதிக்கு முன்னால் பதில் சொல்லியே ஆகணும் என்று அவர்கள் நெருக்கக் கூடாது. 'வெறும் அட்மிட்'டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. டெபாசிட் கட்டச் சொல்லி முன்னாடியே தேதி போட்டிருந்தால் அதுதான் தேதி.

கையில் மூன்று ஆஃபர் இருந்து ஒன்றுக்குத்தான் போகப்போறீங்கன்னா, மற்ற ரெண்டையும் இன்றைக்கே விட்டுடுங்க. 'இருக்கட்டுமே, கெத்தா இருக்கு' என்று வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் எங்கேயோ ஒரு வெயிட் லிஸ்ட் ஆசாமி போர்வைக்குள் மொபைலோடு முழித்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாமே ரிஜெக்டா? ரெண்டு நாள் சோகமா இருங்க, தப்பில்லை. ஸ்டேட்டஸில் 'அட்மிட்டட்' போட்டு ஹார்ட் வாங்கிக்கொண்டிருக்கும் நண்பனை ஒரு வாரம் ம்யூட்டில் போடுங்க. நட்பு ஒன்றும் முறிந்துவிடாது. ரெண்டு வாரம் ஆகியும் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கலை, இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுதுன்னா 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி-மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது நாள் இங்கே என்ன இருக்கு என்று பாருங்க. கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பி.எச்டி.க்கு ஜே.ஆர்.எஃப். தொகை 2023-ல் 31,000-லிருந்து 37,000 ஆனது, வீட்டு வாடகைப்படி தனி. 30 லட்சம் கடனில் இருக்கும் எம்.எஸ். மாணவரோடு ஒப்பிட்டால் இவர் பணக்காரர்! ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ட்யூஷன் ஃபீஸ் இல்லை. ஆனால் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து வெளிநாட்டு மாணவர்களிடம் வாங்க ஆரம்பித்துவிட்டது, கவனம். விசாவுக்கு ஒரு வருஷச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டணும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. பயப்படாதீங்க, உங்க பணம்தான், மாசம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும்.

கேம்பஸில் கிடைத்த வேலையில் ஒரு வருஷம் இருந்துவிட்டு மறுபடி அப்ளை பண்ணுவதும் நல்ல ஐடியாதான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பி.எச்டி. முடித்த கையோடு, உயிரியல் படிக்க மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தவர். பிறகு பேராசிரியர் வேலைக்குச் சுமார் 50 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. நோபல் பரிசு வந்தது 2009-ல்.

மறுபடி அப்ளை பண்ணுவதென்றால் இன்னொரு வேலை பாக்கி இருக்கு. ரெக்கமண்டேஷன் லெட்டர் எழுதிக் கொடுத்த மூன்று பேராசிரியர்களில் எத்தனை பேரிடம் ரிசல்ட் சொன்னீங்க? அவங்களும் உங்களுக்காகப் பத்து யூனிவர்சிட்டி ஃபார்மை ராத்திரி உட்கார்ந்து நிரப்பியவங்கதான். காரிடாரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு நழுவாதீங்க. "சார், எதுவும் வரலை. அடுத்த வருஷம் திரும்பப் போடலாம்னு இருக்கேன்" என்று நேரில் போய்ச் சொல்லிட்டு வாங்க. டிசம்பரில் மறுபடி அவங்க ரூம் வாசலில்தான் நிக்கணும்.